அன்னத்தின் கழுத்துச் சங்கிலி: லோஹென்கிரின் பட்டன், ஐந்தாவது வாரம்

சங்கிலி தெரிந்துவிட்டது! நேற்று இரவு பதினொன்றரை மணி இருக்கும். பச்சைக் களிம்பு மூடிய ஒரு பழைய பித்தளைப் பட்டன், அதில் படகில் நிற்கும் வீரனும் முன்னால் ஓர் அன்னமும். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில், அதாவது சின்ன பூதக்கண்ணாடியில், பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னத்தின் கழுத்துக்கும் படகின் மூக்குக்கும் நடுவில் மெல்லிதாக ஒரு கோடு. கீறிவிட்டோம் என்று நெஞ்சு பதறிப்போனது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். கோட்டில் நிழல் விழுந்தது, விட்டு விட்டு விழுந்தது. கீறலாக இருந்தால் அப்படி விழாது. கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி அது. ஒன்பது கண்ணிகள் எண்ணினேன், பத்தாவது இன்னும் களிம்புக்குள் இருக்கிறது.

ஐந்து வாரமாக இந்த ஒரு பட்டனோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் பிஸ்கட் டின் நிறையப் பட்டன்கள் கிடைத்தன, மொத்தமாக 14 பவுண்டு. மேலே கிடந்ததெல்லாம் சட்டைப் பட்டனும் பிளாஸ்டிக்கும். அடியில் விரலை விட்டுத் துழாவும்போது கனமாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தால் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் தலைக்கவசம் போட்ட ஒரு சின்னத் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. பேரம் பேசத் தோன்றவில்லை, டின்னை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

காலிப்பரில் 38 மி.மீ., அதாவது பட்டன் அளவுக் கணக்கில் 60 லைன். அமெரிக்க நேஷனல் பட்டன் சொசைட்டி கணக்குப்படி ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போனாலே 'பெரியது', ஆகவே தாராளமாகப் பெரியது. முகம் மெல்லிய பித்தளைத் தகட்டில் அச்சு அடித்தது, ஓரத்தை மடித்துக் கறுப்புப் பூச்சு போட்ட இரும்பு முதுகின் மேல் இறுக்கியிருக்கிறார்கள். பின்னால் நூல் கோக்கக் கம்பிக் காது. முதுகில் எழுத்து எதுவும் இல்லை. என் தட்டில் இருக்கும் பிரெஞ்சுப் பட்டன்கள் இரண்டில் ஆல்பர்ட் பேரன் கம்பெனியின் முத்திரை தெளிவாக இருக்கிறது. ஆனால் படப் பட்டன்களில் பெயரே இல்லாதவைதான் ஏராளம். அதனால் முத்திரை இல்லையே என்று நான் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. பழைய அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் மறுபடியும் அடித்துத் தள்ளிய பட்டன்கள் சந்தையில் சுற்றுகின்றன. காந்தத்தை முதுகில் வைத்தேன், ஒட்டியது. அது மட்டும் போதாது. மடிப்பின் உள்விளிம்பைப் பார்த்தேன்: பல வருட அழுக்கு கெட்டியாக உறைந்து கிடந்தது. வீரனின் முழங்கால், கேடயத்தின் நடு, அன்னத்தின் முதுகு என்று மேடான இடங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. கோட்டில் மாட்டி, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த தேய்மானம். செயற்கையாகத் தேய்த்திருந்தால் பள்ளமும் மேடும் சேர்ந்து மங்கியிருக்கும். இது பழசுதான்.

இனி சுத்தம் செய்கிற கதை. அதற்கு முன் ஒரு வலியைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். நாச்சியார்கோவில் விளக்கும் பித்தளைக் குடமும் பார்த்து வளர்ந்தவன். பித்தளை என்றாலே புளி, அப்புறம் சாம்பல், அப்புறம் வெயில். சேகரிக்கத் தொடங்கிய முதல் வருடம், கையில் பருந்தை ஏந்திக் குதிரை மேல் போகும் ஒரு சீமாட்டி பட்டன் கிடைத்தது. அழகான பட்டன். அம்மா விளக்குத் தேய்ப்பதைப் போலவே புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. போனதும் அதே பளபளப்பில்தான். இந்தப் பட்டன்களில் பின்னணிக்குக் கருஞ்சாயம் ஏற்றி, மேடான உருவங்களை மட்டும் மெருகேற்றி விட்டிருப்பார்கள். அந்த இருட்டில்தான் படமே எழுந்து நிற்கும். சாயம் போனால் குதிரையும் காடும் ஒரே மஞ்சள். அதோடு நிற்கவில்லை. மடிப்பு வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் இரும்பு முதுகைப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்தில் ஓரமெல்லாம் துரு கசிந்தது. இன்றைக்கும் அதைத் தூக்கிப் போடவில்லை, மேஜை விளக்கின் அடியில் வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் புட்டியை மேஜைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் அது கண்ணில் படும்.

ஆகவே தண்ணீர் கிடையாது, புளி கிடையாது, எலுமிச்சை கிடையாது, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷும் கிடையாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நாளானது. சமையல் எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து தானே பச்சையாக மாறும். களிம்பை எடுக்கப் போய்ப் புதுக் களிம்பு வளர்த்த கதையாகிவிடும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்தான் சரி, அது மினரல் ஆயில். அதையும் ஊசி முனையால் தொட்டு வைப்பேன். பச்சையின் மேல் மட்டும், கடுகளவு. அது ஓடி ஓரத்து மடிப்புக்குள் போய்விடக் கூடாது. காது இருப்பதால் பட்டன் தட்டையாக நிற்காது, ஒரு பக்கம் சாயும், எண்ணெய் அந்தப் பக்கம் ஓடும். நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் மூடியைக் கவிழ்த்து, நடுவில் துளை போட்டு, காதை அதற்குள் இறக்கினேன். இப்போது மேஜை மாதிரி நிற்கிறது. இந்த ஐந்து வாரத்தில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று சொல்வேன்.

எண்ணெய் வைத்து இரண்டு நாள் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் தொட்டால் களிம்பு மேலாகப் பொடிந்து, அடியில் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாள்தான் கருவியை எடுப்பேன்.

கருவி என்றால் ஈர்க்குச்சி! எத்தனையோ வைத்துப் பார்த்தாயிற்று. பல்குச்சி எண்ணெயில் ஊறியதும் நுனி பிரிந்து பிரஷ் மாதிரி ஆகிவிடுகிறது. குண்டூசி ஒரே இழுப்பில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். ரோஜா முள் நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் குட்டை, பிடிக்க வாகில்லை. கடைசியில் தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். அடிப்பக்கத்தை விரல் நீளத்துக்கு ஒடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் சின்ன உளி தயார். களிம்பைப் பெயர்க்கும் அளவுக்குக் கெட்டி, பித்தளையைக் கீறாத அளவுக்கு மெது. அழுத்தினால் வளைந்து கொடுக்கும், அந்த வளைவிலேயே எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரிந்துவிடும். நுனி மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். இந்த ஒரு பட்டனுக்கே பதினேழு ஈர்க்கு ஆகிவிட்டது.

மேலிருந்து சுரண்டக் கூடாது. களிம்புத் திட்டின் ஓரத்தில் உளியை வைத்துப் படுக்கை வசத்தில் தள்ள வேண்டும். சரியாக ஊறியிருந்தால் சின்னச் செதில் ஒன்று முழுசாக எழும்பி வரும். அந்தச் செதிலை உடனே காது குடையும் பஞ்சால் ஒற்றி எடுத்து, பஞ்சை மாற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தத் தூளே அடுத்த இடத்தைக் கீறும். ஒரு நாள் உட்காரலுக்கு மிளகளவு இடம் சுத்தமானால் அது நல்ல நாள். அன்னத்தின் இறக்கைக்கு மட்டும் இரண்டு வாரம். ஒவ்வோர் இறகுக்கும் நடுவில் ஓர் அச்சுக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பச்சை. செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் உயிரையும் அதைப் பிடித்த ஆணவ மலத்தையும் சொல்வார்கள். அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்போடு கூடவே பிறந்தது என்பார்கள். லூப்பில் பார்த்தபோது அந்த உவமை எவ்வளவு கண்ணால் கண்ட உவமை என்று புரிந்தது. களிம்பு இருந்த இடத்தில் பித்தளை அரித்துப்போய்ப் பள்ளம் இருக்கிறது. சில இடங்கள் இளஞ்சிவப்பாக இருக்கின்றன. துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிய நிறம் அது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அன்னத்தின் மார்பில் அப்படி மூன்று புள்ளிகள், அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பச்சை? டின்னின் அடியில் செல்லுலாய்ட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பட்டன்கள் ஐந்தாறு கிடந்தன, அவற்றில் இரண்டு நொறுங்கிக்கொண்டிருந்தன. செல்லுலாய்ட் கெடும்போது அமில ஆவி விடும், பக்கத்து உலோகத்தை அரிக்கும். மூடிய டின்னுக்குள் அவற்றோடு இது பல வருடம் கிடந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து செல்லுலாய்டைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். பிவிசி உறைகளும் வேண்டாம்.

சங்கிலிக்கு வருகிறேன். படகில் நிற்கும் வீரன், முன்னால் அன்னம் என்றதுமே லோஹென்கிரின் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்து அச்சு வெட்டுபவர்கள் அழகுக்காக ஏரியில் அன்னத்தைச் சும்மா மிதக்க விடுவதும் உண்டு. அன்னம் படகை இழுக்கிறதா, பக்கத்தில் நீந்துகிறதா? இதுதான் என்னை ஐந்து வாரமாகப் பிடித்து வைத்த கேள்வி. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'லோஹென்கிரின்' ஒபராவில், அதாவது இசை நாடகத்தில், அந்த வீரன் வரும்போது, அன்னம் பொற்சங்கிலியால் இழுத்து வருகிறது என்று கரையில் நிற்கும் கூட்டம் பாடுகிறது. தம்பியைக் கொன்றாள் என்று பிராபன்ட் இளவரசி எல்ஸா மேல் பழி. ஆண்ட்வெர்ப் பக்கம் ஷெல்ட் ஆற்றங்கரையில் மன்னர் ஹென்றி முன்னிலையில் விசாரணை. அவளுக்காகச் சண்டை போட யாரும் முன்வராதபோது இவன் வருகிறான். பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது என்று ஒரே நிபந்தனை. அவள் கேட்டுவிடுகிறாள். அவன் போயாக வேண்டும். கடைசியில் பார்த்தால் அந்த அன்னமே தொலைந்துபோன தம்பி. நளனுக்கும் தமயந்திக்கும் நடுவில் தூது போன அன்னத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு, படகு இழுக்கும் இந்த அன்னத்தின் மேல் தனிப் பிரியம். கதை வாக்னருக்கு முந்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் கவிஞர் வொல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் இந்த வீரனைப் பாடிவிட்டார்.

ஒபரா முதலில் மேடையேறியது 1850 ஆகஸ்டில், ஜெர்மனியின் வைமாரில், இசையமைப்பாளர் லிஸ்ட் நடத்தினார். லண்டனுக்கு 1875இல் வந்தது. பாரிஸில் 1887இல் ஜெர்மனியோடு உரசல் இருந்த நேரம், ஈடன் தியேட்டரில் ஒரே ஒரு நாள் நடந்து, எதிர்ப்பால் நின்றுபோனது. 1891இல்தான் பாரிஸ் ஒபராவுக்குப் போனது. பெண்களின் மேல்கோட்டுகளில் இப்படிப் பெரிய படப் பட்டன்கள் வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம். என் பட்டனும் அந்த அலையில் வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டன்களைக் காட்சிக்கு வைக்கும் அட்டையில் கட்டுவதற்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிட்டேன். ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குல அட்டை. படச்சட்டம் போடும் கடைக்குப் போய் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டின் வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள், பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய டெலிபோன் கம்பி போதும். முறுக்கும்போது மட்டும் காதைப் பிடித்து இழுக்காதீர்கள், இரும்பு முதுகில் காது உட்கார்ந்திருக்கும் இடம்தான் முதலில் விட்டுப்போகும். போன மாதம் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய டிராகன் பட்டன் அப்படித்தான் காது கையோடு வந்தது. படத்தில் முதுகுப் பக்கத்தையே அவர் காட்டியிருக்கவில்லை. முதுகுப் படம் இல்லாமல் இனி வாங்குவதாக இல்லை.

அட்டையில் நடு இடம் லோஹென்கிரினுக்கு. மேலே புனித ஜார்ஜ், வலது பக்கம் ஈட்டிப் போட்டிக் குதிரை வீரன், இரண்டும் கையில் இருக்கின்றன. இடது பக்கம் ஜோன் ஆஃப் ஆர்க் வேண்டும். என்னிடம் இருப்பது சின்னது, கவசம் போட்ட மார்பளவு உருவம் மட்டும். 1429இல் ஆர்லியான் முற்றுகையை உடைத்தவளுக்கு அது போதாது. கொடியோடு குதிரை மேல் இருக்கும் பெரிய பட்டன் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் பாரிஸ் போனால் சனிக்கிழமை விடியற்காலையிலேயே வான்வ் பழம்பொருள் சந்தைக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் இடது ஓரம் இருக்கிறது. சங்கிலி வெளியே வந்த பிறகு விளக்கை அந்தப் பக்கம் திருப்பினேன். படகுக்கு எதிரே, கரை இருக்க வேண்டிய இடத்தில், களிம்புக்குள் செங்குத்தாக ஏதோ நிற்கிறது. நாணல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேற்று பார்த்தால் அடிப்பக்கம் விரிந்திருக்கிறது, பாவாடை மாதிரி. எல்ஸாவாக இருக்குமோ? மூன்று இடத்தில் எண்ணெய் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரை தொட மாட்டேன்.