மூன்று வருட ஏலக்காய் கணக்கும் ஒரு புள்ளியும்

குமுளியில் சித்தப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. கடை கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாள் எடைக் கணக்கும் தனிக் கோப்பாகக் கிடக்கும். பெயர் வெறும் தேதி, 05.11.2023 என்கிற மாதிரி. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் கோப்பின் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். மூன்று வருடக் கோப்புகளையும் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாக, மாற்றி ஒரே இடத்தில் போட்டுக்கொடு என்றார். கம்பத்திலிருந்து பஸ் ஏறும்போதே பைத்தான் நிரல்மொழியில் அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முட்டல் ஃபோல்டரின் முகவரியான பாதையிலேயே. டி டிரைவில் 'நியூ' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர். விண்டோஸ் பாதையை அப்படியே மேற்கோளுக்குள் ஒட்டினேன். பின்சாய்வுக் கோட்டை அடுத்து 'என்' வந்தால் பைத்தானுக்கு அது புது வரி. ஃபோல்டரே இல்லை என்று சாதித்தது. மேற்கோளுக்கு முன்னால் ஓர் 'ஆர்' போட்டதும் சரியானது. முன்சாய்வுக் கோடு போட்டிருந்தாலும் விண்டோஸ் ஏற்றுக்கொண்டிருக்கும்.

பாதையைக் கையாள பாத்லிப் என்ற நிரல் நூலகத்தை எடுத்துக்கொண்டேன். 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்தே பைத்தானோடு கூடவே வருவது. பழைய ஓஎஸ்.பாத் நூலகத்தில் பாதையை எழுத்துச் சரமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்போமே, அந்த வேலை இதில் இல்லை. ஃபோல்டரையும் பெயரையும் இணைக்க வகுத்தல் குறி போதும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். எக்ஸ்டென்ஷன் மாற்ற 'வித் சஃபிக்ஸ்' என்று ஒரு மெத்தட். அதில் '.சிஎஸ்வி' கொடுத்து ஓட்டினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.

சாயங்காலம் சித்தப்பா திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இருபத்தொண்ணாம் வருசத்துக் காயெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். 912 கோப்பு உள்ளே போயிருக்கிறது, 348 தான் வெளியே வந்திருக்கிறது.

பாத்லிப் கடைசிப் புள்ளியைத்தான் பார்க்கிறது. 05.11.2023 என்ற பெயரில் அதற்கு '.2023' தான் எக்ஸ்டென்ஷன். அதைக் கழற்றிவிட்டு '.சிஎஸ்வி'யை மாட்டியதில் மூன்று வருடத்து நவம்பர் ஐந்தாம் தேதியும் 05.11.சிஎஸ்வி ஆகிவிட்டது. எழுதுவதற்கு 'டபிள்யூ' முறையில் திறந்திருந்தேன். பின்னால் வந்தது முன்னால் இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டே போயிருக்கிறது. நல்லவேளை, மூலக் கோப்புகளில் கை வைக்கவில்லை.

பெயரை முழுசாக எடுத்து அதன் பின்னால் '.சிஎஸ்வி'யைச் சேர்த்தேன், அவ்வளவுதான் மாற்றம். கூடவே 'டபிள்யூ'வை 'எக்ஸ்' ஆக்கினேன். அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

"இனிமே தேதிக்குப் புள்ளி வேண்டாம் சித்தப்பா, கோடு போடுங்க" என்றேன். "பள்ளிக்கூடத்துலருந்து புள்ளி வச்சுத்தான்டா எழுதுறேன்" என்றார். அப்புறம் நான் அதைப் பேசவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் ஒரே இடத்தில் நின்றது. 2022 ஃபோல்டருக்குள் ஒரு 2021 தேதி. பென் டிரைவிலிருந்து இழுத்துப் போடும்போது சித்தப்பா தவறுதலாக விட்ட நகல். அதையும் அதுவரை எழுதிய சிஎஸ்விகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். 911 வந்தது.