சிட்னி–ஹோபார்ட்: முதலில் வந்த படகும் ஜெயித்த படகும்

சிட்னிக்கு வந்த புதிதில் டிசம்பர் 26 என்றால் நம்மவர்களுக்கு மெல்பர்ன் டெஸ்ட்தான். உணவு இடைவேளையில் சேனலை மாற்றினால் துறைமுகம் முழுக்கப் பாய்மரப் படகுகள். 12.50-க்கு ஒரு வெடி, 12.55-க்கு ஒன்று, சரியாக 1 மணிக்கு மூன்றாவது. சிட்னியிலிருந்து டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரம் வரை ஓடும் சிட்னி–ஹோபார்ட் படகுப் போட்டி கிளம்பிவிட்டது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போனால் யார் ஜெயித்தது என்ற பேச்சு வரும். டிவியில் ஆரவாரமாகக் கரைசேர்ந்த படகின் பெயரைப் புதியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது தப்பு.

இங்கே இரண்டு வெற்றி உண்டு. முதலில் எல்லையைத் தொடுவது 'லைன் ஹானர்ஸ்'. 100 அடி நீளப் பணக்காரப் படகுகளின் சண்டை அது. டாட்டர்சால் கோப்பை என்ற உண்மையான பரிசு, திருத்திய நேரத்துக்குத்தான். ஒவ்வொரு படகின் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாவற்றையும் அளந்து ஐஆர்சி என்ற கணக்கு முறையில் ஓர் எண் கொடுப்பார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எண் 1.200 உள்ள படகு 60 மணி நேரத்தில் போனால் கணக்கில் 72 மணி. எண் 0.950 உள்ள சின்னப் படகு 72 மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் 68.4 மணிதான்; 12 மணி நேரம் பிந்தி வந்தும் அதுவே முன்னால். அதனால்தான் முதல் படகு ஷாம்பெயின் உடைத்த பிறகும் கோப்பை யாருக்கு என்பது ஒன்றிரண்டு நாள் தொங்கலில் இருக்கும்.

1945-இல் சிட்னிப் படகுக்காரர்கள் சிலர் கிறிஸ்துமஸுக்கு டாஸ்மேனியா வரை உல்லாசமாகப் போய்வரத் திட்டமிட்டார்கள். அப்போது அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த், அதைப் போட்டியாகவே நடத்தலாம் என்றார். 9 படகுகள் கிளம்பின. வழியில் புயல். இல்லிங்வொர்த்தின் படகு (பெயர் ராணி!) தொலைந்தே போனது என்று நினைத்திருந்தபோது, 6 நாள் 14 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக ஹோபார்ட் வந்து சேர்ந்தது. இரண்டு வெற்றியும் அதற்கே. 2017-இல் கமான்ச் என்ற படகு வைத்த சாதனை 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 விநாடி. அந்த ஆண்டு முதலில் எல்லையைத் தொட்டது உண்மையில் வைல்ட் ஓட்ஸ் XI. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே துறைமுகத்துக்குள் கமான்சுக்கு மிக நெருக்கமாகத் திரும்பியதற்காக அதற்கு ஒரு மணி நேரம் அபராதம் விழுந்தது.

தூரம் 628 கடல் மைல், ஏறக்குறைய 1,163 கி.மீ. பயப்பட வேண்டிய இடம் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் உள்ள பாஸ் நீரிணை. சராசரியாக 60 மீட்டர் ஆழம்தான், ஆகவே அலை நெட்டுக்குத்தாக எழும். போதாததற்கு ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. அதற்கு எதிராகத் தெற்கிலிருந்து காற்று அடித்தால் அலைகள் நெருங்கி, உயர்ந்து, உடையும். 1998-இல் அதுதான் நடந்தது. 115 படகுகளில் ஹோபார்ட் சேர்ந்தவை 44. ஐந்து மூழ்கின, ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரை மீட்டார்கள். 1945-இன் முதல் போட்டியில் ஓடிய வின்ஸ்டன் சர்ச்சிலும் மூழ்கியவற்றில் ஒன்று. இப்போது பாஸ் நீரிணைக்கு முன்னால் உள்ள கிரீன் கேப் முனையைத் தாண்டுமுன் ஒவ்வொரு படகும் தொடர்வதற்குத் தகுதியாக இருக்கிறோம் என்று வானொலியில் அறிவிக்க வேண்டும். மாலுமிகளில் குறைந்தது பாதிப்பேர் கடலில் உயிர்தப்பும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

நேரில் பார்ப்பதென்றால் துறைமுக வாயின் தெற்கு முனையான சவுத் ஹெட்தான் எங்கள் சிபாரிசு. வெஸ்ட்மீட், தூங்காபி பக்கமிருந்து ரயிலில் வின்யார்ட், அங்கிருந்து நடந்து சர்குலர் கீ, பிறகு ஃபெரியில் வாட்சன்ஸ் பே. காரை மறந்துவிடுங்கள். இறங்கி கேம்ப் கோவ் வழியாக ஹார்ன்பி கலங்கரை விளக்கம் வரை நடக்க வேண்டும். 11 மணிக்குள் இடம்பிடித்தால் நல்லது. காற்று சாதகமாக இருந்தால் பெரிய படகுகள் கால் மணி நேரத்திலேயே துறைமுக வாயைக் கடந்துவிடும். 1 மணிக்கு ஃபெரியில் இருப்பவர்களுக்குக் கூட்டம்தான் மிச்சம். அங்கே நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீனோடு ஒரு ஜாக்கெட்டும் வையுங்கள். இந்த ஊரில் தெற்கிலிருந்து வருவது தென்றல் அல்ல, அண்டார்க்டிகா பக்கத்துக் குளிர். 'சதர்லி' என்ற அந்தத் தெற்குக் காற்று திரும்பினால் சில நிமிடங்களில் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்.

மீதியை போட்டியின் இணையதளத்தில் உள்ள ட்ராக்கரில் பார்க்கலாம். அதில் லைன் ஹானர்ஸ் வரிசையை விட்டு ஐஆர்சி வரிசையைத் திறந்துகொள்ளுங்கள். ஹோபார்ட்டை அடையும் கடைசிக் கட்டமான டெர்வென்ட் ஆற்றில் இரவு காற்று செத்துப்போகும் வழக்கம் உண்டு. மணிக்கணக்காக முன்னிலையில் இருந்த படகு ஊர் விளக்குகளைப் பார்த்தபடியே அசையாமல் நிற்கும், கடிகாரம் நிற்காது. விடிந்து காற்று எழும்போது வந்த 40 அடிப் படகு கோப்பையோடு போகும்.