ஹெச்டிஎம்-4 ஓடிவிட்டது, பட்டியல்தான் தப்பு

எந்தச் சாலைக்கு எப்போது என்ன வேலை என்று கணக்கிடும் ஹெச்டிஎம்-4 மென்பொருளில் ஐந்தாண்டுச் சாலைப் பராமரிப்புத் திட்டம் ஒருவழியாக முடிந்தது. 7 நாள் வாகனக் கணக்கெடுப்பும் அச்சுச்சுமை எடுப்பதும் சிக்கலில்லாமல் போயின. உயிரை எடுத்தது மற்ற தரவுகள்தான்.

முதல் அடி, சாலையின் மேடுபள்ள அளவில். குலுக்கலை அளக்கும் பம்ப் இன்டகிரேட்டர் கருவி தருவது கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று. ஹெச்டிஎம்-4 கேட்பதோ ஐஆர்ஐ என்ற சர்வதேச மேடுபள்ளக் குறியீடு. களக்குழு 1000-ஆல் வகுத்து, 3000-ஐ 3 என்று எழுதித் தந்துவிட்டது. ஐஆர்ஐயை 1.12 அடுக்குக்கு உயர்த்தி 630-ஆல் பெருக்கினால்தான் பம்ப் அளவு வரும். அதைத் திருப்பிப் போட்டால் 3000 என்பது 4.03. ஐஆர்ஐ 4-ஐத் தொட்டால் ஓவர்லே (பழைய தளத்தின் மேல் புதுத் தார் அடுக்கு) என்று நிபந்தனை கொடுத்திருந்ததால், ஓவர்லே கேட்ட சாலையெல்லாம் 'நல்ல சாலை' ஆகிவிட்டது. முதலாண்டுப் பட்டியல் காலியாக வந்தபோதுதான் சந்தேகமே தட்டியது.

லாரிச் சுமையில் தளம் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பார்க்கும் பெங்கல்மேன் பீம் சோதனையில் ஒரு பயணமே வீண். படிவத்தில் வெப்பநிலைக் கட்டம் காலி. தார்த்தளத்தின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.01 மி.மீ. கூட்ட வேண்டும், மேலே ஏறினால் கழிக்க வேண்டும். உச்சி வெயிலில் 45 டிகிரி என்றால் 0.10 மி.மீ. பிசகு. தளத்தில் துளையிட்டுக் கிளிசரின் ஊற்றி மணிக்கொருமுறை அளந்திருக்க வேண்டும். மறுபடியும் லாரியின் பின்னச்சில் 8170 கிலோ ஏற்றிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

சாலையைப் பிரிவு பிரிவாகப் பிரிப்பதில் சோம்பல் கூடாது. நெடுஞ்சாலை ஓவர்லேக்கு எடுப்பது ஒரு பிரிவின் சராசரி அமுக்கத்தோடு, அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி. சராசரி 0.8, விலக்கம் 0.1 என்றால் 1.0 மி.மீ. நல்ல துண்டையும் நொந்த துண்டையும் ஒரே பிரிவாக்கி விலக்கம் 0.3 ஆனால், அதே சராசரிக்கு 1.4. மொத்த நீளத்துக்கும் தடித்த ஓவர்லே, தண்டச் செலவு.

ஒப்பிடும் அடிப்படையாக 'எதுவும் செய்யாதே' என்று வைத்துவிடாதீர்கள். ஐஆர்ஐ உச்சவரம்பான 16 வரை ஏறிவிடும், எந்த வேலையைப் போட்டாலும் கொள்ளை லாபம் காட்டும். குழி அடைப்பு, விரிசல் அடைப்பையாவது அடிப்படையில் சேருங்கள்.

நிதி போதாதபோது நிகர லாபத்தை மட்டும் பார்க்காமல், செலவிடும் ரூபாய்க்கு எவ்வளவு என்று வரிசைப்படுத்தினோம். 'மோசமான சாலைக்கல்லவா முதலில்?' என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. ஒரு மறுநிர்மாணத்துக்கு ஆகும் பணத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு மெல்லிய ஓவர்லே போடலாம் என்ற ஒற்றைத் தாளை நீட்டியபின் கையெழுத்து விழுந்தது.