புறாவுக்குச் சளி: வாயைப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடுங்கள்

கூண்டில் தும்மல் கேட்டதும் பலர் டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கித் தண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். தும்மல் குறைந்ததும் நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் அதே சளி திரும்பி வருகிறது. எங்கள் ஹோமர் (பந்தயப் புறா) கூண்டில் சளியை அடக்கிய முறையை இங்கே எழுதுகிறோம்.

நல்ல வெளிச்சத்தில் அலகைத் திறந்து மேல் அண்ணத்துப் பிளவைப் பாருங்கள். நலமான புறாவுக்கு அது இளஞ்சிவப்பாக, ஓரத்தில் மெல்லிய சீப்புப் பற்கள் போன்ற நுனிகளோடு இருக்கும். சளி பிடித்தால் ஓரம் தடித்து, குறுக்கே கோழை நூலாக இழுபடும். அலகின் மேலுள்ள வெள்ளைத் தடிப்பும் சாம்பல் பூக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுங்கள், பகலில் தெரியாத கொர்கொர் சத்தம் அப்போது கேட்கும்.

தொண்டையில் மஞ்சள் கட்டி இருந்தால் கேங்கர் என்ற நோயாக இருக்கலாம். அது ஒட்டுண்ணி நோய், டாக்ஸி வேலை செய்யாது. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுத்த பூச்சை ஆறவிடாமல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒட்டுண்ணி நெளிவது தெரியும். ஆறிப்போனால் அசைவு நின்று, இல்லை என்று தவறான முடிவு வரும். பூஞ்சை பிடித்த சோளத்தால் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நோய்க்கும் ஆன்டிபயாடிக் உதவாது, கேடுதான். சளியை உண்டாக்கும் கிளமிடியா என்ற பாக்டீரியா என்று சந்தேகம் வந்தால் கண், அண்ணம், எச்சத்துவாரம் மூன்றிலும் பூச்செடுத்து பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை நெகட்டிவ் வந்ததை நம்பிவிட வேண்டாம், கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும்.

கிளமிடியா உறுதியானால் கால்நடை மருத்துவரின் அளவுப்படி டாக்ஸி கொடுக்க வேண்டும். வாய்வழி வழக்கமான அளவு கிலோவுக்கு 25 மி.கி., நாளுக்கு இருவேளை. 400 கிராம் புறாவுக்கு 10 மி.கி. ஆகிறது. 100 மி.கி. கேப்ஸ்யூலை 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால் ஒரு மி.லி. ஒரு வேளைக்குச் சரி. 45 நாள் என்பது நெடுங்கால வழக்கம். கிரிட் (புறா கொத்தும் பொடிக்கல் கலவை), சிப்பித்தூள் இரண்டையும் அதுவரை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் தினமும் புதிதாகக் கலந்து, வெயில் படாமல் வையுங்கள். குளிக்கும் தொட்டியையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதில்தான் குடிக்கும். சோர்ந்த புறா சரியாகத் தண்ணீர் குடிக்காது, அதற்கு வாய்வழிதான்.

காற்றோட்டம் சரியில்லாவிட்டால் இத்தனையும் வீண். ஜோடிக்கு ஒரு கன மீட்டர் இடம் விடுங்கள். தரையோரம் குனிந்து முகர்ந்தால் அமோனியா நெடி அடிக்கக் கூடாது.

எச்சத்தை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், முகக்கவசம் கட்டாயம். கிளமிடியா மனிதருக்கும் தொற்றும். காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், புறா வளர்ப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.