மாடியில் முலாம்பழம்: இலை நின்றால்தான் இனிப்பு

முலாம்பழத்துக்கு வெயில் வேண்டும், திருச்சி மொட்டை மாடியில் அதற்கு என்ன பஞ்சம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அந்த வெயிலை வாங்கிச் சர்க்கரையாக்கித் தர இலை வேண்டுமே, அதுவும் பழம் பறிக்கும் நாள்வரை பச்சையாகக் கொடியில் நிற்க வேண்டும். இந்த முறை நான் பார்த்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ரகம் அர்கா ஜீத், பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. பழம் அரை கிலோ, முக்கால் கிலோ என்று சின்னதாகத்தான் வரும், பையில் வளர்க்கிறவர்களுக்கு அதுதான் தோது. சதை வெள்ளையாக இருக்கும். கடையில் ஆரஞ்சு நிறச் சதையைப் பார்த்துப் பழகியவர்கள் இதை வெட்டியதும் இன்னும் பழுக்கவில்லையோ என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போடலாமா என்றால், முளைக்கும், ஆனால் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம் (ஹைபிரிட்) என்பதால் அதே பழம் வரும் என்று நம்ப முடியாது.

தை மாதம் விதைத்தேன். ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, முளை எட்டிப் பார்த்ததும் நேராகப் பையிலேயே ஊன்றிவிட்டேன், நாற்றுவிட்டு இடம் மாற்றினால் இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேர் கோபித்துக்கொள்ளும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மண்கலவை பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலைந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அது மட்டும் மறக்கக் கூடாது. தாய்க்கொடியில் ஆண் பூவாகத்தான் பூத்துத் தள்ளும், காய் பிடிக்கிற பூ பக்கக் கிளைகளின் முதல் கணுக்களில்தான் வரும்.

அந்தப் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழுக்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மெல்லிய ரோமத்தோடு ஒரு குட்டிக்காய் உட்கார்ந்திருக்கும். பல ரகங்களில் இந்தப் பூவிலேயே மகரந்தமும் இருக்கும், இருந்தாலும் அது பிசுபிசுப்பானது, தானாக நகராது. தேனீ வர வேண்டும், இல்லையென்றால் நாம்தான் தேனீ. காலை ஆறரை ஏழு மணிக்கு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழையெல்லாம் உரித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைக் குட்டிக்காய்ப் பூவின் நடுவே மெதுவாகத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். பத்து மணிக்குப் போனால் பூ வாடத் தொடங்கியிருக்கும். பக்கத்தில் துளசி பூத்த பிறகு தேனீயே வந்துவிட்டது, எனக்கு வேலை மிச்சம்.

காய் பிடித்ததும் அடுத்த தலைவலி பழ ஈ. பிஞ்சின் தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், குத்திய இடத்தில் ஒரு சொட்டு பிசின் தெரியும், அதை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. கருவாட்டுப் பொறி வைத்துப் பார்த்தேன், ஈக்கு முன்னால் எதிர்வீட்டுப் பூனை வந்துவிட்டது. சரி என்று பிஞ்சு நெல்லிக்காய் அளவு ஆனதுமே வலைத்துணிப் பை போட்டுக் கட்டினேன். இதைவிட நல்ல வழி வீட்டுத் தோட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது இலைக்கு வருகிறேன். மாசிக் கடைசியில் அடி இலைகளில் வெள்ளையாக மாவு தூவினது போல் சாம்பல் நோய். மழையே இல்லையே, பூஞ்சணம் எப்படி வரும் என்று கேட்கலாம், ஆனால் இந்தப் பூஞ்சணத்துக்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை, வறண்ட காலத்திலும் ஜோராகப் பரவும். ஒரு கொடிக்கு ஆரம்பத்திலிருந்தே புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து காலையில் தெளித்து, நோய் கண்ட இலையை உடனுக்குடன் கிள்ளிப் போட்டேன். ஒதுக்குப்புறமாகச் சுவர் ஓரம் இருந்த இன்னொரு கொடியை அப்படியே விட்டுப் பார்த்தேன். பங்குனி பாதியில் அதில் இலை பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது, காய் மட்டும் நன்றாகத்தான் தொங்கியது, பார்வைக்கு இரண்டு கொடியின் பழத்துக்கும் வித்தியாசமே இல்லை.

மத்தியான வெயிலில் இலை துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறித் தண்ணீரை ஊற்றத் தேவையில்லை, சாயங்காலம் தானே நிமிரும். நிமிராவிட்டால்தான் ஊற்ற வேண்டும். காயவிட்டுவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். கொடியைப் பந்தலில் ஏற்றியிருந்ததால் பழத்துக்குப் பழைய துப்பட்டாவில் தூளி கட்டினேன், ஏனென்றால் முற்றினதும் காம்பு ஒட்டும் இடத்தில் வட்டமாக வெடிப்பு விட்டு, பழம் தானாகவே கழன்று விழும். அந்த வெடிப்புதான் பறிக்கிற அடையாளம், கூடவே மாடிப்படி ஏறும்போதே மூக்கில் அடிக்கிற வாசனை.

வெட்டிப் பார்த்தபோது, இலை நின்ற கொடியின் பழம் அப்படியே சாப்பிடலாம் போல இனிப்பு. சுவர் ஓரத்துப் பழம் வெறும் தண்ணீர். அத்தை ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "ஏம்மா, இதை அரிசிப் பானையில் ரெண்டு நாள் போட்டு எடுத்திருக்கலாமே" என்றார். வாழையும் மாங்காயும் அப்படிப் பழுக்கும், அவற்றில் மாவுச்சத்து இருக்கிறது, அது பறித்த பிறகும் சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அந்தச் சேமிப்பு கிடையாது. கொடியில் இருக்கும்போது, அதிலும் கடைசி வாரங்களில், இலை அனுப்புகிற சர்க்கரைதான் மொத்தமும், பறித்த பின் மெத்தென்று ஆகும், வாசனை கூடும், இனிப்பு ஏறாது. அதனால்தான் ஒரு பைக்கு இரண்டு காய்க்கு மேல் நான் விடுவதில்லை. அத்தை அந்தப் பழத்தை நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஜூஸ் அடித்துக் காலி செய்துவிட்டார், அது வேறு விஷயம்.

அடுத்த தைக்கு வெள்ளரிப்பழமும் போடச் சொல்லியிருக்கிறார், பழுத்ததும் பாளம் பாளமாக வெடிக்குமே, அதேதான். முலாம்பழமும் அதுவும் ஒரே இனம், மகரந்தம் கலக்கும். கலந்தாலும் அந்த வருடப் பழத்தின் ருசி மாறாது, எடுத்து வைக்கிற விதையில்தான் கலப்பு வரும். ஆகவே விதைக்கு விடப்போகிற பூவை முதல் நாள் சாயங்காலமே, மொட்டாக இருக்கும்போது, தேனீ நுழையாதபடி நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்து அதே ரகத்துப் பூவால் தேய்த்து, மறுபடி கட்டிவிடுவதாக இருக்கிறேன்.