குப்பைக்கும் அழுக்குத் துணிக்கும் வழி எங்கே?

மருத்துவமனைக் கட்டட வடிவமைப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். கூட்டங்களில் ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ, முகப்பு லாபி என்று மணிக்கணக்கில் பேசுவோம். குப்பையும் அழுக்குத் துணியும் எந்த வழியாக வெளியே போகும் என்ற கேள்வி மட்டும் எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில்தான் வரும். பசுமைக் கட்டடம் என்றால் கூரையில் சோலார், ஜன்னலுக்கு நல்ல கண்ணாடி என்று போகிற பேச்சு, குப்பையும் அழுக்குத் துணியும் வெளியே போகும்வரை சேர்த்து வைக்கிற, வார்டு மூலையில் இருக்கிற அந்தச் சின்ன அழுக்கு அறை பக்கம் திரும்புவதே இல்லை.

என்னைக் கேட்டால் அங்கேதான் தொடங்க வேண்டும். மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பை, 15 சதவீதம்தான் அபாயகரமானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டும் ஒரே பையில் விழுந்தால் அந்தப் பை முழுக்க அபாயக் கழிவு, முழுக்க ஆட்டோகிளேவுக்கோ (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரம்) எரிப்புக்கோ போக வேண்டும். ஒழுங்காகப் பிரியுங்கள் என்று நர்ஸுகளுக்கு போஸ்டர் ஒட்டுகிறோம், சரி. ஆனால் அறையில் இரண்டு தொட்டிக்குத்தான் இடம் என்றால் மூன்றாவது நடைபாதைக்கு வரும், ஸ்ட்ரெச்சருக்கு இடைஞ்சல் என்று யாராவது அதை நகர்த்துவார்கள், அப்புறம் எல்லாம் கைக்கு எட்டின தொட்டியில்தான். இத்தனைக்கும், பரப்பளவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இந்த அறை.

வண்டி தள்ளுகிறவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை நான் வற்புறுத்திக் கூப்பிட்ட ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் அம்மா, பிளானை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நிறைஞ்ச வண்டி இந்தத் திருப்பத்துல திரும்பாது மேடம்" என்றார். எந்த மென்பொருளும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மாடியிலிருந்து பையைக் கீழே தள்ளிவிடும் ஷூட் என்கிற குழாய் பலருக்குப் பிடிக்கும், லிஃப்ட் மிச்சம், ஆள் மிச்சம். எனக்குப் பிடிக்காது. பை விழும்போது குழாய்க்குள் இருக்கிற காற்றைப் பிஸ்டன் மாதிரி தள்ளும், சரியாகக் கட்டாத பை வழியில் கிழிந்தால் அந்தக் காற்றோடு கிருமியும் மற்ற தளங்களுக்குப் போகலாம். அதனால் உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைக்க வேண்டும், கழுவ வழி வேண்டும், தீத் தடுப்பு வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் தனியாக ஒரு சர்வீஸ் லிஃப்டே தேவலாம்.

சலவைக்கூடத்தில் சுவர்தான் முக்கியம். நடுச்சுவரில் பதித்த இயந்திரம், ஒரு பக்கம் அழுக்கைப் போட்டு மறுபக்கம் சுத்தமானதை எடுப்பது, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஆட்கள். துணியில் கிருமி சாக 71 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். அவ்வளவு வெந்நீரையும் சாக்கடையில் விடாமல், அதன் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த நீருக்கு மாற்றலாம். துணி ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் நகரும் டன்னல் வாஷரில் அலசின நீரே முன்கழுவலுக்குத் திரும்ப உதவும். ஆனால் இதற்கெல்லாம் நீளமான இடமும் வடிகாலும் முதல் பிளானிலேயே வேண்டும், கட்டி முடித்த பிறகு நுழைக்க முடியாது. சலவையை வெளியே கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுக்கலாம், அப்போதும் அழுக்கு ஏறும் வாசலும் சுத்தம் இறங்கும் வாசலும் வேறாக இருக்க வேண்டும்.

வெப்பமான ஊர்களில் தொற்றுக் கழிவைக் கோடையில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கழிவு வண்டி வராத ஒரு விடுமுறை நாள் போதும், குளிர்பதன வசதி இல்லாத சேமிப்பறை நாற.

இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே சுத்தமான வழியை ஒரு நிறத்திலும் அழுக்கு வழியை வேறு நிறத்திலும் தளம் தளமாக வரைந்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றித்தான் முதலில் பேசுவது. சமீபத்தில் ஒரு கட்டடத்தில் லாபியிலிருந்து கொஞ்சம் எடுத்து அழுக்கு அறைகளுக்குக் கொடுத்தோம். உரிமையாளருக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.