கடைசிச் சத்துரு

பிப்ரவரி 11, 2025

அக்காவை அடக்கம் செய்தபின் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "அழக்கூடாது, அவங்க கர்த்தரிடத்தில் இருக்காங்க." அத்தான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார். எனக்கு எரிச்சல் வருகிறது. அக்கா கர்த்தரிடத்தில் இருக்கிறாள் என்று நானும்தான் விசுவாசிக்கிறேன். அதற்கும் அழுகைக்கும் என்ன பகை?

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தை எடுத்துப் பார்த்தேன். கி.பி. 50 வாக்கில் எழுதியது. அந்தச் சபையிலும் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கர்த்தர் வருமுன்னே செத்துவிட்டார்களே, இவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். துக்கப்படவே வேண்டாம் என்று பவுல் அவர்களுக்கு எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார். வருகிறவர்கள் அந்த வசனத்தில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 5

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசும்போது சொல்லும் நீ மண், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற வார்த்தையை வருஷாவருஷம் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் அது யாரைப் பற்றியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 16

"மரணம் இயற்கைதானே, ஏத்துக்கணும்" என்றார் ஒரு நண்பர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதைக் கேட்டால் மனசு அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அடங்கவில்லை. ராத்திரி 1 கொரிந்தியர் 15-ஐ முழுவதும் வாசித்தேன். "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." சத்துரு! மரணத்தை நண்பன் என்றோ வாசல் என்றோ விடுதலை என்றோ பவுல் அங்கே சொல்லவில்லை.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு இறங்கியது அப்போதுதான். சமாதானம் வேண்டுமென்றால் மரணத்தை நல்லது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை. அது கெட்டது என்று வேதமே சொல்கிறது. அழிக்கப்படும் என்றும் அதே வசனத்தில் சொல்கிறது.

லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசுவும் அப்படித்தான் நின்றார். யோவான் 11. இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறார், அது அவருக்குத் தெரியும். லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று சொல்லியும் ஆயிற்று. ஆனாலும் இன்னொரு சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு கலங்கினார், கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதார். அப்புறம் என்னைப் பார்த்து அழாதே என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஏப்ரல் 6

அத்தான் முதல் முறையாக வாய் திறந்தார். அதுவும் சண்டைக்கு வருகிறவர் மாதிரி. "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது கல்யாணமே, இல்லைன்னு இயேசுவே சொல்லியிருக்கார். அப்போ அங்கே அவ எனக்கு யாரு?"

சட்டென்று பதில் சொல்லவில்லை. மத்தேயு 22-ஐ எடுத்து இரண்டு பேருமாக வாசித்தோம். அங்கே கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர். உயிர்த்தெழுதலே கிடையாது என்பது அவர்கள் கட்சி. ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராக ஒருத்தியையே மணந்தார்களே, அவள் யாருக்கு மனைவி என்று கேட்டது வாயை அடைக்கத்தான். இயேசு இல்லையென்று சொன்னது அவர்கள் பேசிய அந்த மணமுறையை. சந்ததி அற்றுப்போகாதபடிக்கு அண்ணன் மனைவியைத் தம்பி மணக்க வேண்டிய ஏற்பாடு சாவே இல்லாத இடத்தில் எதற்கு? ஒருவரையொருவர் மறந்துபோவீர்கள் என்று அவர் சொல்லவேயில்லை.

நாங்கள் வெகுநேரம் பேசியது அதற்கு அடுத்த வசனங்களைத்தான். ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அவர்கள் செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மோசேயிடம் தேவன் சொல்கிறார். "தேவனாயிருந்தேன்" என்று சொல்லவில்லை. அதிலிருந்து இயேசு எடுத்துக் காட்டுவது: தேவன் மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன். அவர் ஒருத்தியைத் தம்முடையவள் என்று சொல்லிவிட்டால், சாவு வந்து அந்தச் சொல்லை அழிக்க முடியாது. ஆத்துமா சாகாத பொருள் என்கிற தத்துவத்தை அவர் இங்கே துணைக்கு அழைக்கவில்லை. பிடித்தவர் விடமாட்டார், அவ்வளவுதான் ஆதாரம்.

அத்தான் ஒத்துக்கொண்டாரா, தெரியவில்லை. புத்தகத்தை மூடாமல் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் சனிக்கிழமை. இந்த நாளைப் பற்றிச் சுவிசேஷங்கள் அதிகம் பேசுவதில்லை. மத்தேயு கல்லறைக்கு முத்திரை போட்டுக் காவல் வைத்ததை எழுதுகிறார். லூக்கா ஸ்திரீகள் ஓய்வுநாள் கட்டளையின்படியே ஓய்ந்திருந்தார்கள் என்று எழுதுகிறார். அவர்கள் ஆயத்தம்பண்ணி வைத்திருந்தது கந்தவர்க்கங்கள், அதாவது பிணத்துக்கு வேண்டியவை. மறுநாள் உயிர்த்தெழுவார் என்று எதிர்பார்த்து யாரும் கந்தவர்க்கம் தயார் செய்வதில்லை. உயிர்த்தெழுதல் நடந்தது அவர்கள் நம்பியதால் அல்ல. நம்பாதபோதே நடந்தது. என் விசுவாசம் தேய்ந்துபோகும் ராத்திரிகளில் இதை நினைத்துக்கொள்ள முடிகிறது.

ஏப்ரல் 20

ஈஸ்டர். யோவான் 20 வாசித்தார்கள். மகதலேனா மரியாள் தோட்டக்காரன் என்று நினைத்த இயேசுவைத் தெரிந்துகொண்டது அவர் "மரியாளே" என்று பேர்சொல்லிக் கூப்பிட்டபோது. அதே அதிகாரத்தில் சீஷன் தோமா அவருடைய காயங்களைப் பார்க்கிறான். பேரும் போகவில்லை, காயமும் போகவில்லை. அத்தானுக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 24

சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எல்லாம் அப்புறம்தானே? இப்போ?" என்றார். நியாயமான கேள்வி. யோவான் 17:3-ஐக் காட்டினேன்: தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன். அப்படியானால் அது செத்தபிறகு ஆரம்பிக்கிறது அல்ல. அக்கா சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே ஜெபித்த காலத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது. இப்போது அத்தானும் நானும் முட்டிமோதி வாசிக்கிறோமே, இதிலும் அதில் கொஞ்சம் இருக்கும்.

அவர் கோபம் இன்னும் தீரவில்லை. சாவின்மேல் உள்ள கோபம் என்றால் நானும் அவர் கட்சிதான் என்று சொன்னேன். அடுத்த வாரம் லூக்கா 24-ஐ வாசிக்கலாம் என்றார்.